54 நிமிடத் துடிப்பு

2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் தொடங்கிய பிளவு வடக்கு நோக்கி ஓடியது. விநாடிக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் வேகம். கிரேட் நிக்கோபார், கச்சால், கார் நிக்கோபார், லிட்டில் அந்தமான், போர்ட் பிளேர் என ஒவ்வொரு தீவின் அடியையும் கடந்து, வடக்கு அந்தமானின் டிக்லிபூர்ப் பக்கம் போய் நிற்க எட்டிலிருந்து பத்து நிமிடம் பிடித்தது. மொத்த நீளம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். கருவிகள் வந்த பிறகு பதிவான பிளவுகளில் இவ்வளவு நீளமானது வேறில்லை.

அந்தக் காலையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் கடலைப் பற்றியவை. அது இயல்புதான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்ட நாள் அது. நிலத்தின் அதிர்வை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? ஆனால் கடல் வடிந்து, பிணங்களை அடக்கம் செய்து முடித்த பிறகும் பூமி அடங்கவில்லை. வாரக்கணக்கில் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வைக் கேட்டவர்கள்தான் அந்தமானுக்கு அடியில் உண்மையில் நடந்தது என்ன என்று சொன்னார்கள். அவர்களுடைய கருவிகளும் கணக்குகளும் விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளைத் தேடுகிறவர்களின் கருவிகளோடும் கணக்குகளோடும் ஒரே வேரில் கிளைத்தவை. இந்த உறவைப் பற்றி நம்மிடையே போதுமான பேச்சு இல்லை என்பது என் ஆதங்கம்.

முதலில் அளவு. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம், நடுக்கம் தொடங்கிய கால் மணி நேரத்தில் 8.0 என்றது. சுமார் ஒரு மணி நேரம் கழிந்ததும் 8.5. பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணக்கு 9.0 என்று வந்தது. வாரங்கள் கழித்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சேத் ஸ்டெயினும் எமில் ஒக்காலும் 9.3 என்றார்கள். இந்த அளவுகோலில் ஓர் எண் ஏறினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு பெருகும். 8.0க்கும் 9.3க்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 90 மடங்கு. முதல் எண்ணைச் சொன்னவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் அப்போது இருந்தது வேகமான அலைகளின் பதிவு மட்டுமே. வேகமான அலைகள் பிளவின் முழு நீளத்தையும் சுமந்து வருவதில்லை. சில விநாடிகளிலோ இருபது விநாடிகளிலோ ஒருமுறை ஏறி இறங்கும் அலைக்கு, பத்து நிமிடம் நீடிக்கும் நிகழ்வின் ஒரு துண்டுதான் தெரியும். நிகழ்வு பெரிதாகப் பெரிதாக அந்த அலையின் உயரம் ஓர் எல்லைக்கு மேல் வளராமல் நின்றுவிடும். முழுவதையும் அறிய வேண்டுமானால் மிக மெதுவான அலைகளைத் தேட வேண்டும். பூமியில் எழக்கூடியவற்றிலேயே மெதுவானது பூமி மொத்தமாக அதிரும் அதிர்வு.

இலங்கையில் கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலக நிலநடுக்கப் பதிவு வலையின் நிலையம் ஒன்று இருக்கிறது. பிளவிலிருந்து 1,500 கிலோமீட்டர் தள்ளி இருந்தும், அங்கே தரை ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கியது. உலகில் எந்த இடமும் ஒரு சென்டிமீட்டராவது அசையாமல் இருக்கவில்லை. இந்த அலைகள் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து தம்மோடு தாமே மோதிக் கலந்து, கடைசியில் சில குறிப்பிட்ட அலைவுகளாக நிலைத்தன. கோயில் மணியை அடித்த பின் அடித்த ஓசை போய் மணிக்கே உரிய ஓசை நிற்பதைப் போல. அவற்றில் மிக மெதுவான ஒன்றின் அலைவு காலம் 54 நிமிடம். அதன் ஒரு பாதியில் கோளம் ஓர் அச்சு வழியே நீண்டு நடுவில் ஒடுங்கும். மறு பாதியில் நீண்டது தட்டையாகி நடுப்பகுதி பருக்கும். இன்னொன்றின் காலம் இருபதரை நிமிடம். அதில் பூமி முழுவதும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் விரிந்து சுருங்குகிறது. இதன் வீச்சு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். ஆனால் எளிதில் தேய்வதில்லை. 2005 மார்ச் 28 அன்று நியாஸ் தீவருகே 8.6 அளவில் அடுத்த பெரிய நடுக்கம் வந்தபோது, டிசம்பரில் எழுந்த இந்த மூச்சு இன்னும் முழுவதும் ஓய்ந்திருக்கவில்லை.

ஸ்டெயினும் ஒக்காலும் அளந்தது இந்த நீண்ட அலைவுகளின் வீச்சை. அலைவு காலம் கூடக்கூட, நடுக்கத்தின் அளவும் கூடிக்கொண்டே போவதை அவர்கள் கண்டார்கள். வேகமான அலைகள் தெற்குப் பகுதியை, சுமத்ராவை ஒட்டிய பகுதியை, நன்றாகப் பிடித்திருந்தன. அவற்றில் தவறிப்போனது வடக்கு. நிக்கோபாருக்கும் அந்தமானுக்கும் அடியில் தட்டுகள் நழுவியது மெதுவாக நடந்திருக்க வேண்டும், அதனால்தான் 54 நிமிட அலைவில் மட்டும் அது முழுதாகத் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். பின்வந்த ஆய்வுகள் நழுவலின் விவரத்தைத் திருத்தியும் நுட்பமாக்கியும் இருக்கின்றன. 1,300 கிலோமீட்டரும் நழுவியது என்ற முடிவு நிலைத்திருக்கிறது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உலகம் முதல் நாளில் கேட்காமல் விட்டது அந்தமானின் பங்கை. தீவுகளுக்குத் தொலைபேசி அறுந்திருந்தது, செய்தி வரவில்லை என்பது ஒரு பக்கம். அந்தத் தீவுகளின் அடியில் நடந்ததே நம் கருவிகள் வழக்கமாகக் கேட்கும் எல்லைக்குக் கீழே நடந்திருக்கிறது.

தீவுகளின் நிலமோ அதை அங்கேயே, அப்போதே எழுதி வைத்தது. இன்டர்வியூ தீவிலும் நார்த் சென்டினல் தீவிலும் கடலடிப் பவளப் பாறைகள் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து வெயிலில் வெளுத்தன. போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீ விஜயபுரம், ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, மேற்கு நோக்கிச் சுமார் மூன்று மீட்டர் நகர்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நான்கே கால் மீட்டர் இறங்கித் தண்ணீருக்குள் நின்றது. டிரிங்கெட் தீவு துண்டுகளாகப் பிரிந்தது. கச்சால் தீவைத் தமிழர்கள் தனியாக நினைவில் வைக்க வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களில் சில குடும்பங்கள் அங்கே ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. மிக மோசமாக அழிந்த தீவுகளில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி நாம் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நிக்கோபார்க்காரர்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள் மட்டுமே. லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள் தரை ஆடியதும் மேட்டுக்குப் போய்த் தப்பினார்கள். அவர்களுக்கு உதவியது எந்த நிலையமும் அல்ல, தலைமுறைகள் சொல்லிவந்த அறிவு.

ஈர்ப்பு அலைக்காரர்கள் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். வந்தது 2004க்கு வெகு முன்பே.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், பெரும் நிறைகள் விரைந்து சுழலும்போது காலவெளியே அலைபாயும் என்று சொல்கிறது. அந்த அலை ஒரு பொருளின் வழியே செல்லும்போது ஒரு திசையில் நீட்டும், அதற்குக் குறுக்கே சுருக்கும், பின் மாற்றிச் செய்யும். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் வெபர்தான் இதைக் கருவி வைத்துப் பிடிக்கலாம் என்று முதலில் முனைந்தவர். அவருடைய அலுமினிய உருளைகள் பிரபலமானவை. 1969இல் அலையைப் பிடித்துவிட்டதாக அவர் அறிவித்ததை மற்ற ஆய்வகங்கள் உறுதிசெய்ய முடியவில்லை என்பதும் தெரிந்ததே. அவ்வளவாகத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஆய்வகத்தில் உருளை செய்து தொங்கவிடுவானேன், பூமியே ஒரு பெரிய உருளைதானே என்று அவர் கேட்டிருக்கிறார். 1960 மே 22 அன்று சிலியில் நிகழ்ந்த 9.5 அளவு நடுக்கம், பூமியின் சொந்த அலைவுகளை முதன்முறையாகத் தெளிவாகக் காட்டியிருந்தது. அதற்கடுத்த ஆண்டு, வெபரும் ராபர்ட் ஃபார்வர்டும், நிலநடுக்க ஆய்வில் மூத்தவரான ஹியூகோ பெனியாஃபும் வேறு இருவரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் சிறு கட்டுரை ஒன்று எழுதினார்கள். நடுக்கம் இல்லாத நாட்களில் பூமியின் இந்த அலைவு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பார்த்தால், அதைத் தூண்டக்கூடிய ஈர்ப்பு அலை இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது என்று ஒரு மேல்வரம்பு சொல்லலாம் அல்லவா? அதுதான் அவர்கள் செய்தது. 54 நிமிட அலைவு அதற்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் நீண்டு ஒடுங்கும் அதன் வடிவமும் ஈர்ப்பு அலை பொருளைச் சிதைக்கும் வடிவமும் ஒன்றே.

பூமியில் நடுக்கமும் கடலும் காற்றும் ஓய்வதில்லை என்பதால் வெபர் நிலவுக்குப் போனார். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 அவருடைய ஈர்ப்புமானியை நிலவில் இறக்கியது. நிலவின் ஈர்ப்புக்கு ஏற்பச் சமன்செய்யும் எடையில் கணக்குப் பிழை இருந்ததால் அது நினைத்தபடி இயங்கவில்லை. தோல்வி என்று மூடி வைக்கப்பட்ட அந்தப் பதிவுகளை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தாய்ச்சி கவாமுரா குழுவினர் எடுத்து, நிலவின் நடுக்கங்களை அறியப் பயன்படுத்தினார்கள். விண்மீன்களுக்காகச் செய்த கருவி நிலவின் நடுக்கமானி ஆயிற்று. 2014இல் மைக்கேல் காக்லினும் யான் ஹார்ம்ஸும் எதிர்த்திசையில் போனார்கள். பூமியின் அலைவுகளுக்காக உலகெங்கும் வைக்கப்பட்ட மீகடத்தி ஈர்ப்புமானிகளின் பதிவுகளை எடுத்து, பிரபஞ்சத்தில் நிறைந்திருக்கக்கூடிய ஈர்ப்பு அலைப் பின்னணிக்கு வெபரின் வழியிலேயே புதிய மேல்வரம்பு சொன்னார்கள். அவர்கள் வேலையில் என்னைக் கவர்வது அதன் சிக்கனம். புதிதாக ஒரு கருவியும் செய்யவில்லை. வேறு யாரோ வேறெதற்கோ பல ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்த பதிவு போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு நுட்பம். டிசம்பர் நடுக்கத்துக்குப் பின் நெடுங்காலம் நீடித்தது இருபதரை நிமிட மூச்சு. அது எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் விரிந்து சுருங்குவது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு அலை அப்படி ஓர் அலைவை எழுப்ப முடியாது. அதற்கு வேறுவகை ஈர்ப்புக் கோட்பாடு வேண்டும். ஆகவே, நடுக்கம் எதுவும் இல்லாதபோது அந்த மூச்சு எழுகிறதா என்று காத்திருப்பதும் ஐன்ஸ்டைனைச் சோதிக்கும் ஒரு வழி. நிக்கோபாருக்கு அடியில் பாறை நழுவியதால் இவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்ட ஓர் அலைவு, பிரபஞ்சத்தின் அடிப்படை விதி ஒன்றைப் பற்றிய கேள்வியிலும் இடம்பெறுகிறது.

அடித்த பின் தன் சொந்த ஓசையில் அதிர்ந்து அடங்குவது பூமிக்கு மட்டும் உரியதல்ல. 1970இல் சி. வி. விஸ்வேஸ்வரா, பின்னாளில் பெங்களூரில் பணியாற்றியவர், கருந்துளை குலைக்கப்பட்டால் அதுவும் தனக்கே உரிய அதிர்வெண்ணில் அதிர்ந்து சட்டென அடங்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பூமியின் அலைவு மாதக்கணக்கில் தேய்கிறது. கருந்துளையுடையது விநாடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுகிறது. இரண்டிலும் அடங்கும் விதத்தைக் கொண்டே பொருளின் நிறையையும் இயல்பையும் சொல்ல முடிகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ கருவிகள் பிடித்த முதல் அலை, 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றானதன் அலை. அதைக் காண விஸ்வேஸ்வரா உயிரோடு இருந்தார் என்பது எனக்கு ஆறுதலான செய்தி. 2017 ஜனவரியில் அவர் காலமானார்.

அந்த அலை கடந்தபோது பூமியின் விட்டம் முழுவதும் சேர்ந்து மாறியது ஏறக்குறைய ஒரு கனமான அணுக்கருவின் அகலம். 2004இல் பூமியின் ஒவ்வோர் இடமும் அசைந்தது குறைந்தது ஒரு சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையே லட்சம் கோடி மடங்கு. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்தால், ஈர்ப்பு அலை ஆய்வகம் ஒவ்வொன்றும் ஏன் முதலில் ஒரு நிலநடுக்க ஆய்வகமாக இருக்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். கருவியின் கண்ணாடிகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டுத் தரையின் அசைவைத் தடுக்கிறார்கள். ஆனாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. தரை அதிரும்போது அதன் அடர்த்தி மாறுகிறது. மாறிய நிறை கண்ணாடியைத் தன் ஈர்ப்பால் நேராகவே இழுக்கிறது. ஈர்ப்புக்குத் திரை கட்ட முடியாது. சுற்றிலும் நடுக்கமானிகளைப் பதித்து, தரை எப்படி அசைந்தது என்று அறிந்து, அந்த இழுப்பைக் கணக்கில் கழிப்பது ஒன்றே வழி.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அவுண்டா நாகநாத் அருகே அமையவிருக்கும் லைகோ இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. போர்ட் பிளேரிலிருந்து அந்த இடம் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். அந்தமானில் நிலம் பெரிதாக நடுங்கினால், முதல் அலை நான்கு நிமிடத்தில் அங்கே போகும். கருவியைக் குலைக்கும் மேற்பரப்பு அலைகள் சுமார் ஒன்பது நிமிடத்தில் சேரும். இடைப்பட்ட நேரத்தில் செய்தி கிடைத்தால் கருவியைக் காப்பு நிலைக்கு மாற்றிவிடலாம். அமெரிக்க லைகோவில் இதற்கான முறை நடைமுறைக்கு வந்துவிட்டது, அதை உருவாக்கியவர்களில் காக்லினும் ஒருவர். வங்காள விரிகுடாவின் புயல்களும் அந்தக் கண்ணாடிகளை எட்டும். கடல் கொந்தளிப்பு நிலத்தில் மெல்லிய அதிர்வாகப் பரவுவதைப் பம்பாய்க் கொலாபா நிலையத்தின் பதிவுகளைக் கொண்டு சுதான்சு குமார் பானர்ஜி 1930லேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

ஈர்ப்பு அலை இயற்பியல் நிலநடுக்க ஆய்வுக்குத் திருப்பித் தந்ததும் உண்டு. பிளவு ஓடும்போது பெரும் நிறை இடம்மாறுகிறது. அதனால் பூமியின் ஈர்ப்பு மாறுகிறது. அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில் பரவுகிறது, விநாடிக்கு எட்டு கிலோமீட்டர் போகும் முதல் நில அலைக்காகக் காத்திருப்பதில்லை. இது ஐன்ஸ்டைனின் அலை அல்ல, நியூட்டனின் ஈர்ப்பு மாறுவதுதான். ஹார்ம்ஸ் உள்ளிட்டவர்கள் 2015இல் இதன் கணக்கை எழுதினார்கள். 2011 ஜப்பான் நடுக்கத்தின் பழைய பதிவுகளில் இந்தச் சமிக்ஞை இருப்பதை மார்ட்டின் வல்லே குழுவினர் 2017இல் தெளிவாகக் காட்டினார்கள். நடுக்கம் 9ஐத் தாண்டுகிறதா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிட இது உதவும் என்பதே இதன் பயன். 2004இல் தவறிப்போனது சரியாக அந்தத் தகவல்தான். பெரிய நடுக்கங்களில் மட்டும்தான் இது புலப்படும், சமிக்ஞையும் மிக நொய்மையானது. ஆனாலும், கருந்துளைகளுக்காகப் பழகிய கணக்கு கரையோர மக்களுக்குப் பயன்பட ஒரு வழி திறந்திருக்கிறது.

நமக்கு இதில் பழைய சொத்து நிறையவே உண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நடுக்கத்தின் சுனாமியைப் போர்ட் பிளேர், நாகப்பட்டினம், சென்னை ஓதமானிகள் பதிவுசெய்திருக்கின்றன. அந்தப் பதிவுகளை வைத்து மோதெஸ்தோ ஓர்திஸும் ரோஜர் பில்ஹாமும் 2003இல், பேரழிவுக்கு ஓர் ஆண்டு முன்பு, இந்தத் தட்டு விளிம்பைப் பற்றி எழுதினார்கள். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1899லேயே மில்ன் நடுக்கமானி வைக்கப்பட்டது. சூரியனைப் பார்க்கும் மலையில் நிலத்தையும் கேட்டார்கள். 2004க்குப் பின் சி. பி. ராஜேந்திரனும் குசலா ராஜேந்திரனும் அந்தமானின் மண்ணடுக்குகளிலும் மாமல்லபுரத்துக் கரையிலும் பழைய அலைகளின் தடம் தேடினார்கள். 2007 அக்டோபரில் ஹைதராபாதில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. தீவுகளில் இப்போது செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவிகளும் இருக்கின்றன. நிலம் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் அவை அதைப் பிடித்துவிடும்.

கருவிகள் இனி வரும். எனக்குள்ள கவலை ஆட்களைப் பற்றியது. நம் கல்லூரிகளில் இயற்பியல் துறை ஒரு மாடியிலும் புவியமைப்பியல் துறை வேறொரு கட்டடத்திலும் இருக்கின்றன. கருந்துளை பற்றிய உரைக்கு அரங்கம் நிறைகிறது, நிலநடுக்கப் பதிவைப் படிக்கச் சொன்னால் ஆளில்லை. லைகோ இந்தியாவுக்கு இரண்டும் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தமானுக்கும் அவர்களேதான் வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உலக நிலநடுக்கப் பதிவு வலையின் பழைய பதிவுகள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2004 டிசம்பர் 26லிருந்து பத்து நாள் பதிவை எடுங்கள். நடுக்கத்தின் முதல் சில மணி நேரத்தை விட்டுவிடுங்கள், ஓதங்களின் தாக்கத்தைக் கழியுங்கள், ஃபூரியே மாற்றம் செய்யுங்கள். சாதாரண மடிக்கணினி போதும். 0.81 மில்லிஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்முனை எழும். அது இருபதரை நிமிட மூச்சு. 0.31 அருகே தேடுங்கள், 54 நிமிட அலைவு அங்கே இருக்கும். ஒரே முனையாக இருக்காது. நல்ல நிலையத்தின் பதிவானால் ஐந்தாகப் பிரிந்திருப்பது தெரியும். பூமி தன் அச்சில் சுழல்வதால் வரும் பிரிவு அது.